வேகத்துக்கு கேரன்ட்டி இருந்தது... பிரேக்குக்கு? லாரன்ஸும் அவரது ஏழு சூப்பர் பைக்குகளும்!

1935, மே 13. திங்கட்கிழமை காலை. தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு ஒடுக்கமான கிராமத்து ரோடு. பக்கத்திலிருக்கும் ராணுவ முகாமின் தபால் நிலையத்துக்குப் போய் நண்பர் ஒருவருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் ஒரு 46 வயது மனிதர். வீடு இரண்டு கிலோமீட்டருக்குள்தான். இந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத வளைவோ பள்ளமோ கிடையாது.

ஓட்டுவது அன்றைய உலகின் உச்ச ரக பைக். ஆனால் தலையில் ஹெல்மெட் இல்லை. அன்றைக்கு ரோட்டில் போகிற யாருமே ஹெல்மெட் போடுவதில்லை. அது ரேஸ்காரர்கள் சமாசாரம்.

ரோடு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஒரு பள்ளத்துக்குள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள், மேட்டில் வந்தவர் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரிகிறார்கள். அவர் வண்டியை ஒதுக்குகிறார். ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தில் உரசுகிறது. ஹேண்டில்பாரைத் தாண்டித் தூக்கி வீசப்படுகிறார்.

ஆறு நாள்கள் கோமா. மே 19 அன்று இறந்துபோனார். இறுதிச்சடங்குக்கு வந்தவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

1962-ல் வந்த `லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருந்தீங்கன்னா, அது இந்த விபத்தில்தான் ஆரம்பிக்கும்னு ஞாபகம் இருக்கும். பாலைவனம், ஒட்டகம், வெள்ளை அங்கி எல்லாம் அப்புறம்தான். ஹீரோவாக நடித்த பீட்டர் ஓ'டூல் ஆறடிக்கு மேல் உயரம். நிஜ லாரன்ஸ் ஐந்தரை அடிகூட இல்லை. சினிமான்னா அப்படித்தான்!

இன்னிக்கு உங்க பைக் டிஸ்ப்ளேவில் `ஏபிஎஸ்' என்று ஒரு சின்ன விளக்கு எரியுது இல்லையா? வண்டி கிளம்பியதும் அணைஞ்சுபோகுமே, அதேதான். அந்த விளக்கு இல்லாத காலத்தில் உலகத்தின் வேகமான பைக்குகளை ஒண்ணு மாத்தி ஒண்ணா ஓட்டித் தீர்த்த மனிதரின் கதை இது. அவர் சாவுக்குப் பிறகு ஒரு டாக்டருக்கு எழுந்த கேள்வியின் கதையும்தான்.

பேரை மறைத்து வாழ்ந்தவர்

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் பிறந்தது 1888 ஆகஸ்ட் 16, வேல்ஸின் ட்ரெமடோக் என்ற சின்ன ஊரில். லாரன்ஸ் என்ற குடும்பப் பெயரே அப்பாவின் நிஜப் பெயர் கிடையாது. அப்பா, அயர்லாந்தில் நிலபுலனோடு இருந்த சாப்மன் குடும்பத்துக்காரர். மனைவியையும் மகள்களையும் விட்டுவிட்டு, வீட்டில் வேலை பார்த்த பெண்ணோடு கிளம்பிப்போய், புதுப் பெயரில் புது வாழ்க்கை தொடங்கியவர். அந்த வாழ்க்கையில் பிறந்த ஐந்து பையன்களில் இரண்டாவது பையன் நம்ம ஆள். பெயரை மாற்றிக்கொண்டு மறைவது என்பது அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்த விஷயம்தான்.

ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். 1909-ல், படிப்புக்காக சிரியாவின் பழைய சிலுவைப்போர் கோட்டைகளைப் பார்க்க, வெயிலில் சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தார். பிறகு கார்கமிஷ் அகழாய்வில் வேலை. அரபி கற்றுக்கொண்டார். 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் கெய்ரோவில் உளவுத்துறை மேஜை வேலை.

1916-ல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக அரபுகள் கிளர்ந்தெழுந்தபோது, இளவரசர் ஃபைசலுக்குப் பக்கத்தில் பிரிட்டன் நிறுத்திய ஆள்களில் இவரும் ஒருவர். ஹெஜாஸ் ரயில் பாதையில் குண்டு வைத்தது, 1917 ஜூலையில் பாலைவனத்தின் பக்கமிருந்து வந்து அகபா துறைமுகத்தைப் பிடித்தது, 1918 அக்டோபரில் டமாஸ்கஸ் போய்ச் சேர்ந்தது எல்லாம் உங்களுக்கு ஒரு கூகுள் தூரத்தில் இருக்கு. நான் இங்கே நீட்டப்போவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியாகணும். அரபுகளுக்குச் சுதந்திரம் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுத்தவர்களில் லாரன்ஸும் உண்டு. அதே நேரம், அந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள பிரிட்டனும் பிரான்ஸும் ரகசியமாக ஒப்பந்தம் போட்டிருந்தன. சைக்ஸ் - பிகோ ஒப்பந்தம். போர் முடிந்தபோது, தான் கொடுத்த வாக்கு காற்றில் போனது அவருக்குத் தெரிந்தது. அரசர் கையால் கொடுக்கப்பட்ட கௌரவத்தை வேண்டாமென்று மறுத்துவிட்டு வந்தார். இன்னொரு பக்கம், லோவல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் லண்டனில் படம் போட்டுக் காட்டிய ஷோக்களால் லாரன்ஸ் உலக ஸ்டார் ஆகியிருந்தார். மனசுக்குள் குற்றவுணர்ச்சி, வெளியே கைதட்டல். ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிட்டு வாழறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அவர் எடுத்த முடிவு விசித்திரமானது. கர்னல் பதவி வரை இருந்தவர், 1922-ல் ஜான் ஹ்யூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப்படையின் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். சில மாதங்களில் பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட, வெளியே அனுப்பப்பட்டார். 1923-ல் டி.இ.ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். 1925-ல் திரும்பவும் விமானப்படை. பெருக்குவது, துடைப்பது, வரிசையில் நிற்பது என்று ஒரு சாதாரண ஆளாக வாழ்ந்தார்.

அந்தச் சாதாரண ஆளிடம் இருந்த ஒரே அசாதாரணப் பொருள், ஒரு பைக்.

`நூறு மைல் போகும்' என்று கையெழுத்து!

நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் ப்ரஃப் என்றொருவர் இருந்தார். அப்பாவும் பைக் தயாரிப்பாளர்தான். அப்பா தயாரித்தது ப்ரஃப். மகன் தனியே கடை போட்டு தன் வண்டிக்கு வைத்த பெயர் ப்ரஃப் சுப்பீரியர்! அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க.

1924-ல் வந்தது எஸ்எஸ்100 மாடல். ஏறக்குறைய 1000 சிசி, வி-ட்வின் இன்ஜின், சுமார் 180 கிலோ எடை. அந்த நூறு என்பது மணிக்கு நூறு மைல், நம்ம கணக்கில் 160 கிலோமீட்டர். ஒவ்வொரு வண்டியும் அந்த வேகத்தை ஓட்டிக் காட்டிய பிறகுதான் வெளியே போகும். கையெழுத்துப் போட்ட சான்றிதழும் கூடவே வரும். பெரும்பாலான மக்கள் காரையே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இது இன்றைய 200 குதிரைத்திறன் சூப்பர் பைக்குக்குச் சமம். பைக்குகளின் ரோல்ஸ் ராய்ஸ் என்றே விளம்பரம் செய்தார் ஜார்ஜ். 1940-ல் தயாரிப்பு நின்றபோது எஸ்எஸ்100 வண்டிகள் 400-க்கும் குறைவாகவே வெளியே வந்திருந்தன.

லாரன்ஸிடம் ஒன்றன் பின் ஒன்றாக ஏழு ப்ரஃப் வண்டிகள் இருந்தன. ராஜாக்களுக்கு வைப்பதுபோல முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று தயாரிப்பாளர் பெயரையே வைத்தார். பொவனெர்கெஸ் என்ற செல்லப்பெயரும் உண்டு. இடியின் மக்கள் என்று அர்த்தம், பைபிளில் வரும் வார்த்தை. 1926-ல் ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தில், நான்கு வருடங்களில் ஐந்து ப்ரஃப் வண்டிகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டிவிட்டதாகக் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதாவது 1,60,000 கிலோமீட்டர். இன்றைய ரோடு, இன்றைய டயர், இன்றைய சஸ்பென்ஷன் எதுவும் இல்லாமல். நம்மில் எத்தனை பேர் அந்த அளவு ஓட்டியிருப்போம்?

எதற்காக இவ்வளவு ஓட்டினார்? விமானப்படை வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய `தி மின்ட்' புத்தகத்தில், வேலை முடிந்த மாலையில் பைக் எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒரு பகுதி இருக்கிறது. வானத்தில் பறக்கும் ஒரு பிரிஸ்டல் ஃபைட்டர் விமானத்தோடு ரோட்டில் ரேஸ் ஓட்டுவார். திரும்பி வரும்போது சாப்பாட்டுச் சாமான் வாங்கிவருவார். படிக்கும்போது ஒன்று தெரியும். பைக்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் அவர் ராஸும் இல்லை, ஷாவும் இல்லை, அரேபியாவின் லாரன்ஸும் இல்லை. ரோட்டில் கவனம் வைத்தே ஆகவேண்டிய வேகத்தில் பழைய நினைப்புக்கு இடமில்லை. மனசு சரியில்லைன்னா ஒரு ரைடு போயிட்டு வர்ற யாருக்கும் இது புரியும்.

அந்தக் கையில் எத்தனை வேலை!

இப்போ அந்த வண்டியில் உங்களை உட்கார வைக்கிறேன். கிளட்ச் இருக்கு, ஆனா கியர் காலில் கிடையாது. டேங்க் பக்கத்தில் ஒரு நீளமான கம்பி, அதைக் கையால் தள்ளணும், இழுக்கணும். அப்போ ஒரு கை ஹேண்டில்பாரை விட்டாகணும். தீப்பொறி எப்போது வரணும் என்பதை ஒரு லீவரை நகர்த்தி நீங்களே சரிசெய்யணும். பிரேக் இரண்டு சக்கரத்திலும் டிரம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, தனித்தனி. எதை எவ்வளவு அழுத்தணும் என்பது உங்க பாடு.

அவசரத்தில் மனுஷன் என்ன செய்வான்? பயத்தில் முழுசா அழுத்துவான். அங்கேதான் ஆபத்து.

டயர் உருண்டுகொண்டே இருக்கும்வரைதான் அதற்கு ரோட்டில் பிடி. பிரேக் அதிகமாகிச் சக்கரம் லாக் ஆனால் டயர் உருளாது, வழுக்கும். பின்சக்கரம் லாக் ஆனால் வால் ஆடும், பழகியவர் சமாளிக்கலாம். முன்சக்கரம் லாக் ஆனால் கதை வேறு. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பைக்கை நிமிர்த்தி வைத்திருப்பதே சக்கரம் சுழல்வதும், அதைத் திருப்ப முடிவதும்தான். இரண்டும் போனால் கண் மூடித் திறப்பதற்குள் கீழே. கார் நான்கு சக்கரத்தில் நிற்கும், லாக் ஆனாலும் வழுக்கிக்கொண்டாவது நிற்கும். பைக்குக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏபிஎஸ் செய்வது என்னன்னா, சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் பல் வளையத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீர்னு வேகம் குறைஞ்சு லாக் ஆகப்போகுதுன்னு தெரிஞ்சதும், பிரேக் ஆயில் அழுத்தத்தை ஒரு நொடியின் சின்னத் துண்டு நேரத்துக்குத் தளர்த்திவிட்டு, திரும்ப ஏத்தும். இப்படி ஒரு நொடிக்குப் பல முறை. லீவரில் விரல் துடிப்பது போலத் தெரியுமே, அதுதான் இது. நீங்க பயந்து முழுசா அழுத்தினாலும் சக்கரம் உருண்டுக்கிட்டே இருக்கும். அதனால் பிரேக் பிடிச்சுக்கிட்டே வண்டியைத் திருப்பவும் முடியும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இதன் மறுபக்கம். நிற்கும்போது அல்ல, கிளம்பும்போது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் பிடி விட்டுச் சுழலும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுத்துதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சதும் இன்ஜின் சக்தியைக் கொஞ்சம் குறைக்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பின்சக்கரம் வழுக்கி, திடீரென்று பிடி திரும்பக் கிடைத்தால், பைக் ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். ரேஸ்காரர்கள் ஹைசைடு என்று சொல்லி நடுங்குவது அதைத்தான்.

லாரன்ஸ் இதையெல்லாம் உடம்பால் கற்றவர். 1926 கடைசியில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், நனைந்த ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்தார். வண்டிக்கு நல்ல அடி. சில நாள்களில் விமானப்படை அவரைக் கப்பலேற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சி, பிறகு ஆப்கன் எல்லையோர மீரான்ஷா. அங்கே உட்கார்ந்து ஹோமரின் ஒடிஸியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஆப்கானிஸ்தானில் நடந்த கலவரத்துக்குப் பின்னால் இவர்தான் இருக்கிறார் என்று பத்திரிகைகள் கதை கட்ட, 1929 ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஊர் வந்தவருக்குப் புது ப்ரஃப் ஒன்று பரிசாகக் காத்திருந்தது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா தம்பதியும் நண்பர்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

மற்றவர் உயிருக்காக ஓட்டிய வேகம்

இவர் வேகப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1931 பிப்ரவரியில் பிளிமத் கடலில் ஒரு விமானப்படை பறக்கும் படகு விழுந்து மூழ்கியதை லாரன்ஸ் நேரில் பார்த்தார். மீட்கப் போன படகுகள் மெதுவானவை. பல உயிர்கள் போயின. அதன் பிறகு அவர் வேகமான மீட்புப் படகுக்காக மேலதிகாரிகளிடம் போராடினார். ஸ்காட்-பெயின் என்பவரின் படகுத் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் இன்ஜின் எண்ணெய்க்குள் கிடந்து, ஆர்ஏஎஃப் 200 என்ற வேகப் படகைச் சோதித்துத் தேற்றினார். அந்த வகைப் படகுகளும் அவற்றின் வாரிசுகளும் பின்னாளில் கடலில் விழுந்த விமானிகளைத் தூக்கிவரப் பயன்பட்டன.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அகபாவைவிட. அடுத்தவர் உயிருக்காக ஒவ்வொரு ஸ்க்ரூவையும் யோசித்தவர், தன் தலையை மட்டும் யோசிக்கவில்லை. ஆனால் அதை அவர் தப்பு என்றும் சொல்ல முடியலை. யாருமே யோசிக்காத காலம் அது.

யாருமே என்பதைக் கொஞ்சம் திருத்தணும். புரூக்லேண்ட்ஸ் ரேஸ் தளத்தில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, துணியும் அரக்கும் வைத்து ஒரு ஹெல்மெட் செய்ய வைத்தார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் ரேஸில் அது கட்டாயமும் ஆனது. ஆனால் 20 வருடமாகியும் அது ரேஸ் தளத்தின் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரவே இல்லை.

ஏழாம் ஜார்ஜின் கடைசிப் பயணம்

1935 பிப்ரவரி கடைசியில் பணி முடிந்தது. விமானப்படையிலிருந்து அவர் கிளம்பியது சைக்கிளில். டார்செட்டில் கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீடு. சுற்றி மரம், உள்ளே புத்தகம், இசைத்தட்டு. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே கிடந்தார்கள். (எங்க ஆட்கள் எந்தக் காலத்திலும் மாறலை போல!) கொஞ்ச நாள் ஊரைவிட்டே ஓடிப்போய்த் திரும்ப வந்தார். 46 வயதில், வேலை இல்லாமல், அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த வசந்தகாலம் அது.

1932 மாடல் எஸ்எஸ்100, பதிவு எண் ஜிடபிள்யூ 2275. ஏழாம் ஜார்ஜ். எட்டாவதுக்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருந்தது.

விபத்து எந்த வேகத்தில் நடந்தது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. பக்கத்தில் இருந்த ராணுவச் சிப்பாய் ஒருவர், மணிக்கு 50, 60 மைல் இருக்கும் என்று சாட்சி சொன்னார். ஒரு கறுப்பு கார் எதிரே போனது என்றும் சொன்னார். சைக்கிள் பையன்கள் அப்படி ஒரு காரைப் பார்க்கவில்லை. அந்தக் காரை வைத்து இன்றுவரை சதிக்கதைகள் ஓடுகின்றன. யூடியூப்பில் தேடினால் ராத்திரி முழுக்கப் பார்க்கலாம். ஆனால் விழுந்து கிடந்த பைக் இரண்டாவது கியரில் இருந்தது. அந்த கியரில் அந்த வண்டி 38 மைலுக்கு மேல் போகாது, அதாவது சுமார் 61 கிலோமீட்டர். மரண விசாரணையில் வந்த தீர்ப்பு, விபத்து.

நான் கியர் பக்கம்தான் நிற்பேன். 61 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். 17 மீட்டர் காலி. மிச்சமிருக்கும் தூரத்தில் அவர் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தாக வேண்டும்: நிறுத்தவும் வேண்டும், ஒதுங்கவும் வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பைக்கில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. பிரேக்கை அழுத்தினால் திருப்ப முடியாமல் போகலாம். திருப்பும்போது பிரேக் பிடித்தால் வழுக்கலாம். ஒரு லட்சம் மைலுக்கு மேல் ஓட்டிய கைகளுக்கும் அந்த ஒரு நொடி போதவில்லை.

ஏபிஎஸ் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரிந்த மாதிரி பேச நான் தயாரில்லை. பள்ளத்துக்குள் மறைந்திருந்த சைக்கிளை எந்தக் கம்ப்யூட்டரும் முன்கூட்டியே பார்த்திருக்காது. இருக்கும் தூரத்தை அது நீட்டித் தரவும் முடியாது. ஆனால் அவர் கையை நம்பி இருந்த ஒரு வேலையை அது எடுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு டாக்டரின் ஆறு வருடம்

மயங்கிக் கிடந்த லாரன்ஸைப் பார்க்க வரவழைக்கப்பட்டவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அன்றைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. தகவல் கொண்டுபோகும் ராணுவ பைக்காரர்கள், விளக்கணைத்த இருட்டு ரோடுகளில் விழுந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கெய்ர்ன்ஸ் எண்ண ஆரம்பித்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டன் ரோடுகளில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர். பெரும்பாலும் தலைக்காயம். ஹெல்மெட் போட்டிருந்தபோது அடிபட்டவர்கள் என்று அவர் கையில் கிடைத்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். அந்த நவம்பரில் ராணுவம் தன் பைக்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சாவு எண்ணிக்கை இறங்கியதை 1946-ல் இன்னொரு கட்டுரையில் காட்டினார். பொதுமக்களுக்கும் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1973-ல். கெய்ர்ன்ஸ் 1952-லேயே இறந்துவிட்டார்.

விழுந்த பிறகு தலையைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு அப்படிப் பதில் கிடைத்தது. விழாமல் இருப்பது எப்படி?

அதற்கும் பதில் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது, வந்து நழுவியது. விமானச் சக்கரங்கள் லாக் ஆகாமல் இருக்க டன்லப் நிறுவனம் மேக்ஸரெட் என்ற கருவியைச் செய்திருந்தது. 1958-ல் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் அதை ஒரு பைக்கில் பொருத்திப் பார்த்தது. எந்த பைக் தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர்! அப்போதே நம்ம திருவொற்றியூரில் புல்லட் தயாராகிக்கொண்டிருந்தது. சோதனையில் பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் கம்பெனிக்கு அதில் எதிர்காலம் தெரியவில்லை. தயாரிப்புக்கு வரவே இல்லை.

அதற்கு அப்புறம் 30 வருடம். 1988-ல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் வந்தது. அந்தப் பெட்டியின் எடை மட்டும் சுமார் 11 கிலோ. 1992-ல் ஹோண்டா எஸ்டி1100-ல் ஏபிஎஸ்ஸோடு டிராக்‌ஷன் கன்ட்ரோலும் சேர்ந்து வந்தது. ஆனால் இவை எல்லாம் தொலைதூரம் போகும் கனமான வண்டிகள். ஸ்போர்ட்ஸ் பைக் ஆள்கள் ரொம்ப நாள் முகம் சுளித்தார்கள். எடை கூடும், பிரேக்கின் உணர்வு போய்விடும், கம்ப்யூட்டர் என் கையைவிட வேகமா என்றெல்லாம் வாதம். 2008-ல் டுகாட்டி 1098ஆர் டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு வந்தது. 2009-ல் ஹோண்டா தன் சிபிஆர் சூப்பர் ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. அடுத்து பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்த வாதம் மெல்ல ஓய்ந்தது. ரேஸ் டிராக்கிலேயே கம்ப்யூட்டர் ஜெயிச்சிடுச்சுல்ல!

பிறகு இன்னொரு படி. சாய்ந்து வளையும்போது முழு பிரேக் பிடித்தால் பழைய ஏபிஎஸ்ஸுக்கும் சிக்கல்தான். 2013-ல் பாஷ் நிறுவனமும் கேடிஎம்மும் 1190 அட்வெஞ்சர் பைக்குக்குக் கொண்டுவந்த அமைப்பு, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நொடிக்கு 100 முறை அளந்து, அதற்கேற்ப பிரேக்கைப் பிரித்துக் கொடுத்தது. நிறுத்துவதும் ஒதுங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தச் சண்டையில் சமரசம் பேசியது இதுதான். லாரன்ஸ் விழுந்து 78 வருடங்களுக்குப் பிறகு.

இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் உங்க வண்டியில் இருப்பது சிங்கிள் சேனலா, டூயல் சேனலா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிங்கிள் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் இன்னும் லாக் ஆகும், லாரன்ஸ் வண்டி மாதிரியே. டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2021-லேயே யமஹா ஆர்15 வரை இறங்கி வந்துவிட்டது. அதை ஆஃப் செய்துவிட்டு ரீல்ஸ் எடுக்கும் தம்பிகளிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மழை பெய்த அன்றைக்கு ஜீப்ரா கிராஸிங்கின் வெள்ளைப் பட்டை மேலும், பாதாளச் சாக்கடை மூடி மேலும் பின்சக்கரம் எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். இஸ்லிங்டனும் அப்படி ஒரு ஈர ரோடுதான்.

அந்த ஜிடபிள்யூ 2275 என்ன ஆனது? விபத்தில் வண்டிக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. சில பாகங்கள் வளைந்திருந்தன, அவ்வளவுதான். ஜார்ஜ் ப்ரஃப்பிடமே திரும்பிப் போனது. அவர் சரிசெய்து விற்றார். கைமாறிக் கைமாறி இன்றும் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திலும் கொஞ்ச காலம் நின்றது. ஆர்டர் கொடுத்த எட்டாவது ப்ரஃப்பை எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.